தம்ப்ஸ்.டிபி வைரஸா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. நாம் உருவாக்காமலே கணினியிலும் போனிலும் முளைக்கிற, பெரும்பாலும் கண்ணில் படாத சின்னப் படக் கோப்புகள் பற்றி. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: சிவாஜிநகரில் ஒரு ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கொண்டு வரும் பென்டிரைவைத் திறந்தால் பல ஃபோல்டர்களில் ‘தம்ப்ஸ்.டிபி’ என்று மங்கலாக ஒரு ஃபைல் இருக்கிறது. அழித்தாலும் சில சமயம் திரும்ப வருகிறது. கணினி ரிப்பேருக்கு வந்த பையன் “வைரஸ் சார், எல்லா ஃபார்மேட் மாடிபிடி” (எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்துவிடுங்கள்) என்கிறான். உண்மையா சார்?
– கடைக்காரர் ஒருவர், சிவாஜிநகர்

பதில்: வைரஸ் இல்லை, விண்டோஸ் தானே உருவாக்குகிற கோப்பு. தயவுசெய்து ஃபார்மேட் செய்யாதீர்கள். அந்தப் பென்டிரைவில் இருப்பது யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படங்கள், அவற்றுக்கு வேறு நகல் இருக்கிறதா என்பது உங்களுக்கும் தெரியாது, அந்தப் பையனுக்கும் தெரியாது.

நடப்பது இதுதான். படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்ததும் ஒவ்வொரு படமும் சின்னதாகத் தெரிகிறதே, அப்படிக் காட்டுவதற்கு விண்டோஸ் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, படத்தைச் சுருக்கி, திரையில் வைக்க வேண்டும். 500 படம், படத்துக்கு 8 எம்பி என்றால் மொத்தம் 4 ஜிபி. ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் இந்த வேலையை முதலிலிருந்து செய்தால் உங்கள் கடையில் க்யூ நின்றுவிடும். அதனால் ஒரு தடவை சுருக்கிய படங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறது, அடுத்த முறை அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. அதை அழித்தால் உங்கள் அசல் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை ஃபோல்டர் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், கோப்பு மறுபடியும் உருவாகும், அவ்வளவுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும் இந்தக் கோப்பு அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது, பெயர் தம்ப்ஸ்.டிபி. ஃபோல்டரை சிடிக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுத்தால் இதுவும் கூடவே போகும். 2007-ல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதை மாற்றி, ஒவ்வொரு பயனருக்கும் ஒரே இடம் என்று வைத்தது. யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எக்ஸ்ப்ளோரர் என்று உள்ளே உள்ளே போனால் ‘தம்ப்கேஷ்’ என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும். பெயரில் வருகிற 96, 256, 1280 போன்ற எண்கள் சின்னப் படத்தின் பிக்ஸல் அளவு. விண்டோஸ் 7, 10, 11 எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்களில் மட்டும் பழைய வழக்கம் போகவில்லை, அங்கே இன்றும் தம்ப்ஸ்.டிபி உருவாகிறது.

ஆகவே உங்கள் கடைக்கு வருகிற பென்டிரைவில் இது இருந்தால், பெரும்பாலும் அந்த ஃபோல்டர் ஒரு பழைய எக்ஸ்பி கணினியிலிருந்து வந்திருக்கும், அல்லது ஏதோ ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து நகலெடுத்ததாக இருக்கும். அழித்த பிறகும் உங்கள் கடையிலேயே திரும்ப வருகிறது என்றால், கடையில் இரண்டு கணினிகளை இணைத்து ஒன்றில் செருகியதை இன்னொன்றிலிருந்து திறக்கிறீர்களா என்று பாருங்கள். அல்லது உங்கள் கணினியே இன்னும் எக்ஸ்பியில் ஓடுகிறது. அப்படியானால் நான் கவலைப்படுவது தம்ப்ஸ்.டிபி பற்றி அல்ல. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன, ஊரில் உள்ள பென்டிரைவ் எல்லாம் வந்து செருகுகிற ஒரு கணினியில் அதை வைத்திருக்கவே கூடாது.

நிஜமான வைரஸ் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழிலுக்கு அது முக்கியம். பென்டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து அதே பெயர்களில் ஷார்ட்கட்கள் மட்டும் இருக்கும். அல்லது ஃபோல்டர் மாதிரி படம் போட்ட ஒன்று இருக்கும், ஆனால் ‘டைப்’ என்ற இடத்தில் அப்ளிகேஷன் என்று எழுதியிருக்கும். ‘தம்ப்ஸ்.டிபி.இஎக்ஸ்இ’ என்று முடிகிற பெயர் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைப்பதால் ஏமாறுவது சுலபம், எனவே ஃபோல்டர்களைத் திறந்து காட்டுகிற எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதிக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இன்றே டிக் செய்து வையுங்கள். அப்புறம், யாராவது கேமரா எஸ்டி கார்டைக் கொண்டு வந்தால் அதன் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிட்டுச் செருகுங்கள். வழக்கமான ரீடர்களில் அதற்குப் பிறகு கணினியால் கார்டில் எதையும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். வாடிக்கையாளரின் படங்களுக்கும் அதுதான் நல்லது.

கேள்வி: அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய படங்களை லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். இடம் இல்லை என்று சுத்தம் செய்யும்போது என் மகன் தெரியாமல் ஷிஃப்ட் டெலிட் கொடுத்துவிட்டான், ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. சின்னப் படங்கள் எங்கேயோ ஒளிந்திருக்கும், அதிலிருந்து மீட்கலாம் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். முடியுமா ஐயா?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: முதலில் அந்த லேப்டாப்பை அணைத்துவிடுங்கள் அம்மா. டிஸ்க் க்ளீனப், க்ளீனர் ஆப் என்று எதையும் ஓட்டாதீர்கள். இடம் சேர்க்கிறேன் என்று அவை முதலில் துடைப்பதே இந்தச் சின்னப் படங்களைத்தான்.

அழித்த கோப்பு அந்த நொடியே இல்லாமல் போய்விடுவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று ஒரு குறிப்பு மட்டும்தான் விழுகிறது. அதன் பிறகு நீங்கள் பார்க்கிற வீடியோ, வருகிற அப்டேட், இறக்குகிற மென்பொருள் எல்லாம் அந்தக் காலி இடத்தில் போய் எழுதும், எழுதிய பகுதி திரும்பாது. மீட்கும் மென்பொருளை அதே லேப்டாப்பில் இறக்கி நிறுவுவதுகூடத் தப்பு, பலர் செய்வது அதைத்தான். டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். போட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அது நிறையவே மீட்டுத் தரும். சுழலும் பாகமே இல்லாத புது வகை டிஸ்கான எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் அதில் ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் தானாகவே துடைத்துவிடும். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் யாரிடமாவது கொடுப்பதானால் “டேட்டா ரெக்கவரி மட்டும், விண்டோஸ் மறுபடி போடக் கூடாது” என்று எழுதியே கொடுங்கள். டிஸ்கையே பூட்டி வைக்கிற விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் ரெக்கவரி கீ கேட்பார்கள், அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

இதற்கு நடுவே வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, உண்மையில் இதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. அந்தப் படங்கள் லேப்டாப்புக்கு எங்கிருந்து வந்தன என்று யோசியுங்கள். பழைய கேமரா கார்டு பீரோவில் கிடந்தால் அதில் எதையும் எடுக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள், கார்டிலிருந்து அழித்த படங்களும் பல சமயம் திரும்பக் கிடைக்கின்றன. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். ஒன்டிரைவில் இருந்திருந்தால் அதன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள். அண்ணன், அத்தை, சித்தப்பா என்று யார் யாருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களோ அவர்களிடம் இன்றே கேளுங்கள், அவர்களும் போனைச் சுத்தம் செய்வதற்குள். அறுபதாம் கல்யாணம் மாதிரி விசேஷத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோ இருந்தால் அங்கேயும்.

இப்போது அந்த யூடியூப்காரர் சொன்னது. அது பொய் இல்லை. அசல் படத்தை அழித்தாலும் விண்டோஸ் அதன் சின்ன நகலைக் கூடவே அழிப்பதில்லை. அப்பாவின் ஃபோல்டரை நீங்கள் எப்போதாவது படங்கள் தெரிகிற மாதிரி திறந்திருந்தால், முந்தைய பதிலில் சொன்ன தம்ப்கேஷ் கோப்புகளில் அவை இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. டிஸ்கை வேறு கணினியில் இணைக்கும்போதே அந்த எக்ஸ்ப்ளோரர் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தம்ப்கேஷ் வியூவர் என்ற இலவச மென்பொருளில் நகலைத் திறந்தால் படங்கள் வரிசையாக வரும். கோப்பின் பெயரோ ஃபோல்டரின் பெயரோ உள்ளே இருக்காது, ஒரு நீளமான அடையாள எண் மட்டும்தான். ஆகவே நீங்கள் திறந்து பார்த்த எல்லாப் படங்களும் கலந்து கிடக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பொறுமை வேண்டும், மகனையே உட்கார வைத்துச் செய்யச் சொல்லலாம்.

கிடைப்பது எவ்வளவு பெரிய படம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நீளமான பக்கம் 256 பிக்ஸல். ஆல்பத்துக்குப் போடுகிற தரத்தில் பிரிண்ட் எடுத்தால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், ஒரு தபால்தலை அளவு. திரையின் தெளிவு அதிகமுள்ள லேப்டாப் என்றால் 768, 1280 என்று பெயருள்ள கோப்புகளிலும் சில படங்கள் மாட்டலாம், அவற்றை முதலில் பாருங்கள். 768 கிடைத்தால் பர்ஸில் வைக்கிற அளவுக்கு நன்றாகவே பிரிண்ட் வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சின்னப் படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுத்தால், முதல் வேலையாக மூலப் படத்தைத் தனியாகச் சேமித்து வையுங்கள். 256 பிக்ஸலில் இல்லாத கண் இமையையும் முகச் சுருக்கத்தையும் அந்த மென்பொருள் தானாக ஊகித்து வரைகிறது. அழகாக இருக்கும், ஆனால் உங்கள் அப்பாவின் முகம் அப்படியே அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சின்னதாக இருந்தாலும் கேமரா பார்த்த முகம் இருப்பது மூலப் படத்தில்தான்.

கேள்வி: பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சர்வரில் உள்ள பழைய ஃபோல்டரை அழிக்கப் போனால் தம்ப்ஸ்.டிபி எக்ஸ்ப்ளோரரில் திறந்திருக்கிறது என்று மறுக்கிறது. நான் எதையும் திறக்கவே இல்லை. மேனேஜர் என்னைத்தான் கேட்கிறார்.
– ஒரு வாசகர், பீன்யா

பதில்: நீங்கள் திறக்கவில்லை, எக்ஸ்ப்ளோரர் திறந்து வைத்திருக்கிறது. சர்வர் ஃபோல்டரை நீங்கள் பார்க்கும்போதே அது அங்கே சின்னப் படங்களை எழுதப் போகிறது, எழுதி முடித்தும் சில சமயம் கோப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அது உங்கள் கணினியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்து மேஜைக்காரர் அதே ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டு சாப்பிடப் போயிருக்கலாம்.

ஃபோல்டரை ‘டீடெய்ல்ஸ்’ வியூவுக்கு மாற்றுங்கள், ப்ரிவியூ பேன் திறந்திருந்தால் மூடுங்கள், ஃபோல்டரை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே போகாமலே வெளியிலிருந்து அழித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வரைப் பார்ப்பவரிடம் சொல்லுங்கள். சர்வரின் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’, அதில் ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று ஓர் இடம் உண்டு, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது பெயரோடு தெரியும். மேனேஜருக்கும் அதைக் காட்டலாம்.

இது அடிக்கடி நடக்கிறது என்றால் நிரந்தர வழி, கணினிகளுக்கு விதி போட்டு வைக்கிற விண்டோஸின் குரூப் பாலிசிதான். பயனர் அமைப்புகளில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்ற பிரிவின் கீழ், மறைந்த தம்ப்ஸ்.டிபி கோப்புகளில் சின்னப் படங்களைச் சேமிப்பதை நிறுத்து என்று பொருள்படும் ஒரு வரி இருக்கிறது, அதை ‘எனேபிள்’ செய்ய வேண்டும். ஹோம் பதிப்பு விண்டோஸில் இந்த வசதி இல்லை. பில்லும் எக்செல்லும் மட்டும் இருக்கிற சர்வரில் சின்னப் படங்களால் யாருக்கும் பயனில்லை, தாராளமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவன். என் பழைய ஆண்ட்ராய்டு போனின் மெமரி கார்டில், கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் ‘.தம்ப்நெய்ல்ஸ்’ என்று ஒன்று 3 ஜிபிக்கு மேல் இருக்கிறது. என்னிடம் அவ்வளவு படமே கிடையாது. அழிக்கலாமா?
– ஒரு வாசகர், விமானபுரம்

பதில்: தாராளமாக அழிக்கலாம், கேலரியில் உள்ள அசல் படங்கள் அப்படியே இருக்கும்.

படமே இல்லாமல் இவ்வளவு பெரிதாவது எப்படி என்பதில் உங்களைப் போன்ற ஒரு தொழில்நுட்பக்காரருக்கு ஆர்வம் இருக்கும் என்பதால் சொல்கிறேன். பழைய ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரிசை எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ‘.தம்ப்டேட்டா’ என்ற ஒரே நீளமான கோப்புக்குள் 10,000 பைட் இடம். எண் என்னவோ அதைப் பத்தாயிரத்தால் பெருக்கிக் கிடைக்கிற இடத்தில் போய் எழுதும். படத்தை அழித்தாலும் எண் திரும்புவதில்லை, ஏறிக்கொண்டே போகும். வாட்ஸ்அப் குட் மார்னிங் படங்கள் வந்து வந்து அழிந்து எண் 3,00,000-ஐத் தொட்டுவிட்டால் கோப்பின் நீளம் 3 ஜிபி, நடுவில் பெரும்பகுதி வெற்றிடம். சில வகைச் சேமிப்பில் வெற்றிடம் இடத்தை அடைக்காது, ஆனால் ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த மெமரி கார்டில் உண்மையிலேயே அடைக்கும். பிறகு வந்த ஆண்ட்ராய்டில் இந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.

அது திரும்ப வளராமல் இருக்க அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைக்கச் சொல்லி ஆலோசனை சுற்றுகிறது. வேண்டாம். கேலரி ஒவ்வொரு முறையும் எல்லாப் படத்தையும் புதிதாகச் சுருக்க வேண்டியிருக்கும், போன் திணறும். எப்போதாவது அழித்துவிடுங்கள், போதும். இடம் வேண்டும் என்றால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ பகுதியைப் பாருங்கள்.

கேள்வி: என் மேக்கிலிருந்து பென்டிரைவில் ப்ராஜெக்ட் கொடுத்தால், விண்டோஸ் வைத்திருக்கும் தோழிகள் ‘.டிஎஸ்_ஸ்டோர்’ என்று என்னென்னவோ வருகிறது, வைரஸ் ஒட்டிவிட்டது என்று திட்டுகிறார்கள்.
– கல்லூரி மாணவி, ஜெயநகர்

பதில்: அதுவும் வைரஸ் இல்லை, அதில் படமும் இல்லை. ஃபோல்டரில் ஐகான்கள் எங்கெங்கே இருந்தன, எந்த வியூவில் திறந்தாய் என்பதை மேக்கின் ஃபைண்டர் எழுதி வைக்கிற கோப்பு. புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்குகிற மற்றவை, பென்டிரைவின் ஃபார்மேட்டில் வைக்க முடியாத மேக் விவரங்களைத் தனியாக வைப்பவை. விண்டோஸில் இரண்டையும் அழிக்கலாம் என்று தோழிகளிடம் சொல்லம்மா.

கேள்வி: பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறேன். குடும்பப் படங்கள், ஆதார் ஸ்கேன் எல்லாவற்றையும் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். போதும்தானே?
– ஒரு வாசகர், கம்மனஹள்ளி

பதில்: போதாது, கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். அல்சூர் வாசகிக்குச் சொன்ன பதிலை மறுபடி படியுங்கள். அவருக்கு உதவுகிற அதே விஷயம்தான் உங்களுக்கு ஆபத்து. நீங்கள் அழித்த படங்களின் சின்ன நகல்கள் தம்ப்கேஷில் அப்படியே இருக்கலாம், இலவச மென்பொருள் வைத்திருக்கிற யாரும் பார்க்கலாம். 256 பிக்ஸலில் ஆதார் எண்ணைப் படிப்பது கஷ்டம், ஆனால் முகங்கள் நன்றாகவே தெரியும், வீட்டுப் பெண்களின் படங்கள், குழந்தைகளின் படங்கள். தவிர, பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஆதார் ஸ்கேனின் அசலே மீட்கப்படலாம்.

டிஸ்க் க்ளீனப்பில் ‘தம்ப்நெய்ல்ஸ்’ என்பதை டிக் செய்து துடைப்பது உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குச் சரி, கை மாறுகிற கணினிக்குப் போதாது. வேண்டியவற்றை வெளியே நகலெடுத்து, அந்த நகல் இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, ‘ரீசெட் திஸ் பிசி’ என்று போங்கள். விண்டோஸ் 10 என்றால் ரெக்கவரி ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் இருக்கும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு வருகிற திரைகளில் ஒன்றில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், அதற்குள் போய் ‘க்ளீன் டேட்டா’ என்பதை ‘எஸ்’ ஆக்குங்கள். அதை ஆக்காவிட்டால் கோப்புகள் பட்டியலிலிருந்து நீங்குமே தவிர டிஸ்க் துடைக்கப்படாது. ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். பெஸ்காம் மின்சாரம் போனாலும் நிற்காத மாதிரி சார்ஜரைச் செருகி, பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டு இரவில் ஓட விடுங்கள்.

விற்க அல்ல, ரிப்பேருக்குக் கொடுக்கிற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்க்ரீன் மாற்றவோ கீபோர்டு மாற்றவோ உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. கழற்றக்கூடிய டிஸ்க் என்றால் கடையிலேயே உங்கள் கண் முன்னால் கழற்றி வாங்கிக்கொண்டு வாருங்கள், வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். கழற்ற முடியாத வகை என்றால் கொடுப்பதற்கு முன் பிட்லாக்கரையோ டிவைஸ் என்க்ரிப்ஷனையோ ஆன் செய்து, ரெக்கவரி கீயைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, விண்டோஸ் பாஸ்வேர்டைச் சொல்லாமல் கொடுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று கடைக்காரர் சொன்னால், எந்த வேலைக்கு என்று கேளுங்கள். ஸ்க்ரீனுக்கு என்றால் வேறு கடை பாருங்கள்.